லவ் பேர்ட்டின் அன்றாட நடத்தையை விளங்கிக்கொள்ளும் வழி

லவ் பேர்ட் வாங்கி வந்தவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு இருக்கிறதே, நோயா? விரலை நீட்டினால் சொண்டால் பிடிக்கிறதே, கோபமா? கடதாசியைக் கிழித்து முதுகில் செருகுகிறதே, விளையாட்டா? இவற்றுக்கு ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. ஏனெனில் அந்தப் பறவையின் ஒரே செயல் விடியற்காலையில் ஒரு பொருளையும் நண்பகலில் வேறொரு பொருளையும் தரக்கூடும். ஆகையால், செயலைத் தனியே பிரித்தெடுத்துப் பொருள் தேடாமல், அது நடந்த நேரம், அவ்வேளையில் உடலின் மற்றப் பாகங்கள் இருந்த நிலை, அதற்குச் சற்று முன் நடந்தது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும்.

நம் ஊரில் பட்ஜிகளையும் லவ் பேர்ட்ஸ் என்றே பலர் அழைப்பதால், உங்களிடம் இருப்பது எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்ஜி அவுஸ்திரேலியப் பறவை. வால் நீண்டு கூராக இருக்கும். லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. வால் குட்டையானது, சொண்டு உடலளவுக்கு மிஞ்சிய பருமனுடையது. மொத்தம் உள்ள 9 இனங்களுள் ஒன்று மடகாஸ்கர் தீவுக்கும் மற்றவை ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும் உரியவை. வீடுகளில் பெரும்பாலும் வளர்வன நமீபியா, அங்கோலாப் பகுதிகளைச் சேர்ந்த இளஞ்சிவப்பு முக இனமும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட தன்சானியாவின் ஃபிஷர், மாஸ்க் இனங்களுமாகும். இங்கே சொல்லப்படுவன இவற்றுக்கே பொருந்தும். பட்ஜி பொதுவாகச் சாதுவானது. லவ் பேர்ட் அப்படியல்ல, ஆகவே இரண்டையும் ஒரே கூட்டில் விடுவது பட்ஜியின் கால்விரல்களுக்கு மட்டுமன்றி அதன் உயிருக்கும் ஆபத்தானது.

விடியலும் சத்தமும்

கூட்டை வீட்டார் நடமாடும் அறையில், ஒரு பக்கம் சுவரை ஒட்டியதாக, கண் மட்டத்துக்கு அண்மிய உயரத்தில் வைத்து, முதல் ஒரு வாரம் பெரிதாக எதுவும் செய்யாமல் கவனித்து வாருங்கள். எத்தனை மணிக்கு விழிக்கிறது, எப்போது அதிகமாக உண்கிறது, எந்த நேரத்தில் கண் சொருகுகிறது, எச்சம் எப்படி இருக்கிறது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், பின்னர் ஏற்படும் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

நலமாக உறங்கி எழுந்த லவ் பேர்ட் ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் சேர்த்துப் பின்னோக்கி நீட்டும். பிறகு மறுபக்கத்தை நீட்டும். கடைசியில் இரண்டு சிறகுகளையும் தோளுக்கு மேலே உயர்த்தி இறக்கும். அதன் பின் உடலை ஒருமுறை சிலிர்த்து உதறிவிட்டுத் தீனிக்கு இறங்கும். அடுத்துத் தொடங்குவது சத்தம். காட்டில் கூட்டமாக வாழும் இப்பறவை விடிந்ததும் தன் கூட்டத்தைக் கூப்பிட்டு, எல்லோரும் இருக்கிறார்களா என்று அறிந்துகொள்ளும். பொழுது சாயும்போதும் அவ்வாறே செய்யும். வெளியே தென்னையிலோ வேம்பிலோ பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டு வந்து அமர்ந்தால் இதன் குரலும் ஓங்கும். இதை நிறுத்த முடியாது. நிறுத்த முயல்வதும் முறையன்று. அயல்வீட்டோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருப்போர் இதை யோசித்த பின்பே இப்பறவையை வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

பகலில் நீங்கள் அறையை விட்டு வெளியேறிய மறுகணமே எழும் கூர்மையான அழைப்பு வேறு வகையானது. ‘எங்கே போனாய்’ என்று கேட்கும் அந்த அழைப்புக்கு, மற்ற அறையிலிருந்து எப்போதும் ஒரே மாதிரியான சிறிய சீழ்க்கையால் பதில் கொடுத்துப் பழக்கினால், சில வாரங்களில் அது அந்தப் பதிலோடு அடங்கக் கற்றுக்கொள்ளும். மாறாக, கத்தும்போது ஓடிவந்து “சத்தம் போடாதே” என்று அதட்டினால், கத்தினால் ஆள் வரும் என்பதையே நீங்கள் கற்றுக்கொடுக்கிறீர்கள். கூட்டைத் துணியால் மூடித் தண்டிப்பதும் பயன் தராது. மூடுதுணி உறக்கத்துக்குரியதாக மட்டுமே இருக்கட்டும்.

கச்சான் காற்றும் மாரியும்

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டும் நாட்களில், தகரக் கூரையின் கீழுள்ள விறாந்தையில் தொங்கும் கூடு அடுப்பாகிவிடும். வெப்பத்தால் வருந்தும் பறவை இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, சிறகுகளை மட்டும் பக்கவாட்டில் சற்று அகற்றி, சொண்டைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கும். அப்போது கூட்டைக் காற்றோட்டமுள்ள நிழலுக்கு மாற்றி, தட்டையான கிண்ணத்தில் சாதாரண தண்ணீர் வைக்க வேண்டும். அது தானாக இறங்காவிட்டால் மெல்லிய தூவலாகத் தெளிக்கலாம். ஐஸ் தண்ணீர் கூடாது. மின்விசிறியை நேராக முகத்துக்குத் திருப்பி வைப்பதும் கூடாது. நிழலுக்கு வந்த பின்னும் வாய் மூடாமல் மூச்சு வாங்கினால் அது வெப்பம் மட்டுமல்ல என்று கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பு முக இனம் வறண்ட நிலத்துப் பறவையாயினும் தண்ணீர் உள்ள இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. நாளில் பலமுறை குடிக்கும். குடிநீர்க் கிண்ணத்தில் தலையை முக்கி உதறுவது, ஈரக் கீரையின் மேல் உடலைத் தேய்ப்பது ஆகியவை குளிக்க விரும்புவதன் அறிகுறிகள். முற்பகலில் குளிக்க விட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். குளித்த பின் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சொண்டால் தொட்டு, ஒவ்வோர் இறகாகக் கோதிச் சீர்செய்வதைக் காணலாம். இது நெடுநேரம் நீடித்தாலும் கவலைக்குரியதன்று. ஆனால் இறகைப் பிடுங்கி எறிவதும், நெஞ்சில் வெறுந்தோல் தெரிவதும் வேறு. அது நோயாக இருக்கலாம், சலிப்பாக இருக்கலாம், தனிமையாகவும் இருக்கலாம்.

மாரி மழையில், கார்த்திகை மார்கழி நாட்களில், பறவை வழமையிலும் கூடுதலாக உறங்கும். இறகைச் சற்று உப்பி உட்காரும். காற்றடிக்கும் பக்கத்தை மாத்திரம் மறைத்துவிடுங்கள். இக்காலத்தில் தீனி ஈரங்கொண்டு பூஞ்சணம் பிடிப்பதால், உண்ண மறுக்கும் பறவையைக் குறை சொல்வதற்கு முன் தீனியை முகர்ந்து பாருங்கள்.

சொண்டு சொல்வது

லவ் பேர்ட்டுக்குச் சொண்டு மூன்றாவது கால். கம்பியில் ஏறும்போது சொண்டால் பிடித்த பின்பே காலை எடுத்து வைக்கும். நீங்கள் விரலை நீட்டும்போதும் அதையே செய்கிறது: இந்தக் கிளை உறுதியானதா என்று சொண்டால் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் கடிக்கப் போகிறது என்று அஞ்சி விரலை இழுத்தீர்களானால், உங்கள் விரல் நம்பத்தகாத கிளை என்பதோடு, சொண்டை நீட்டினால் மனிதர் விலகுவர் என்பதையும் ஒருசேர அறிந்துகொள்ளும். பின்னர் உங்களை விலக்க வேண்டிய போதெல்லாம் அந்த அறிவைப் பயன்படுத்தும். பழக்கப்பட்ட பறவைகள் கடிக்கும் பறவைகளாக மாறுவதற்கு இதுவே பெரும்பாலும் தொடக்கம். ஆகவே, விரலை அதன் வயிற்றின் கீழ்ப்பகுதிக்கு நேராக, அசையாமல் நீட்டி வையுங்கள். சொண்டு தொடட்டும், நாக்கால் தடவட்டும், அதன் பிறகு கால் வரும்.

உண்மையான கடிக்கு முன்னறிவிப்பு உண்டு. இறகுகள் உடலோடு ஒட்டிப் பறவை மெலிந்து தெரியும், தலை முன்னோக்கித் தாழும், பார்வை கையின் மேல் நிலைகுத்தும், சொண்டு திறக்கும், சில வேளை கரகரத்த குறுகிய ஒலியும் எழும். இவற்றைக் கண்டதும் கையை மெல்ல நிறுத்தி, சில கணம் காத்திருந்து, வேறு வேலையைப் பார்ப்பது நல்லது. கடித்துவிட்டால் கூவாதீர்கள், கூக்குரல் அதற்கு வேடிக்கையாகிவிடும். சொண்டில் சுண்டுவதும் கையை உதறுவதும் பயத்தை மட்டுமே விளைவிக்கும். அமைதியாக அருகிலுள்ள இடத்தில் இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் கவனிக்காமல் இருந்தால் போதும்.

வெளியே தோளில் அமர்ந்து காதைக் கோதும் அதே பறவை, கூட்டினுள் கை நுழைந்ததும் பாய்வதைக் கண்டு பலர் மனம் நோவதுண்டு. கூடு அதன் எல்லை. குறிப்பாகப் பெண் பறவைகள் அந்த எல்லையை விட்டுக்கொடுப்பதில்லை. பறவை வெளியே இருக்கும் நேரத்தில் தீனிக் கிண்ணத்தை மாற்றி, கூட்டைச் சுத்தம் செய்துவிட்டால் இச்சண்டை முக்கால்வாசி நின்றுவிடும். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்திலும் எரிச்சல் மிகும். தலையில் முள் முள்ளாக நிற்கும் இளம் இறகுகளைத் தொட்டால் வலிக்கும். அந்நாட்களில் கொஞ்சுவதைக் குறைத்து, குளிக்க வசதி செய்து கொடுங்கள்.

கடதாசியும் கூடுகட்டும் உந்துதலும்

இப்பறவையின் நடத்தைகளுள் மிகவும் சுவையானது இதுதான். இளஞ்சிவப்பு முக இனத்தின் பெண் பறவை, கடதாசி ஓரத்தில் சொண்டால் வரிசையாகத் துளையிட்டு, ஒரே அகலமுள்ள நீண்ட கீற்றுகளாக வெட்டியெடுத்து, அவற்றை வாலடி இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். காட்டில் மரப்பட்டையையும் இலையையும் இவ்வாறே கூட்டுக்குச் சுமந்து செல்கிறது. ஃபிஷர், மாஸ்க் இனங்கள் கீற்றைச் சொண்டிலேயே கௌவிச் செல்லும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டில்கர் இவ்விரு வகையினத்தையும் கலந்து பிறந்த குஞ்சுகளை ஆராய்ந்து 1962இல் எழுதிய கட்டுரையில், அக்கலப்புப் பறவைகள் கீற்றைச் செருக முயன்று முயன்று தோற்றதையும், சொண்டில் கொண்டு செல்லப் பழகுவதற்கு ஆண்டுக்கணக்கு எடுத்ததையும், பழகிய பின்னும் செருகும் பாவனையை விடாததையும் விவரித்தார். யாரும் கற்பிக்காமல் பிறப்போடு வரும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது சான்று. ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளிக் கொப்பியைக் கிழித்ததற்காகப் பறவையை ஏசிப் பயனில்லை. கொப்பியை எடுத்து வைக்க வேண்டியவர் நீங்கள்தான். இலங்கைக்கே உரியதும் தலைகீழாகத் தொங்கி உறங்குவதுமான சிறு கிளியினம் லவ் பேர்ட்டுக்கு நெருங்கிய உறவு என்பதை இங்கே போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

ஆண் பறவையும் சில வேளை செருக முயல்வதுண்டு, ஆனால் கீற்றுகள் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆண், பெண் இரண்டும் தோற்றத்தில் ஒன்றாகவே இருப்பதால், ஒழுங்காக வெட்டிச் செருகும் பறவை பெண்ணாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாமே தவிர, உறுதியாகச் சொல்ல மரபணுச் சோதனையோ முட்டையோ வேண்டும். முட்டையிட ஆண் துணை தேவையில்லை என்பதை அறியாமல் திகைப்போர் உண்டு: தனியே வளரும் பெண்ணும் முட்டையிடும், ஆனால் அது பொரிக்காது.

குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லையானால், இந்த உந்துதலை வளர்க்காதிருப்பதே பறவைக்கு நல்லது. கூட்டினுள் பெட்டி, துணிக்குடில், இருண்ட மூலை எதையும் வைக்க வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து குடியேற விடவும் வேண்டாம். தினமும் 10 முதல் 12 மணிநேரம் இருளும் அமைதியும் கிடைக்கச் செய்யுங்கள். தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள். முதுகையும் சிறகின் அடியையும் தடவுவதை அது இணைசேரும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். முட்டையிட்டுவிட்டால் உடனே எடுத்து எறியாதீர்கள், குறைந்ததை ஈடுசெய்ய மேலும் இடும்; மூன்று நான்கு வாரங்கள் அடைகாத்து, அலுத்துத் தானாக விலகிய பின் அகற்றலாம். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு மிகச் சிறந்தது. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்து, சில நாட்கள் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கி, கடும் வெயிலில் காயவைத்துக் கூட்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள்.

தலையை மேலும் கீழும் ஆட்டி, உண்ட தீனியைக் கக்கி உங்கள் விரலிலோ மணியிலோ வைப்பது அன்பின் ஊட்டல். இணைக்குச் செய்வதை உங்களுக்குச் செய்கிறது. முகம் சுளிக்காமல் பேச்சை மாற்றி வேறு விளையாட்டுக்குத் திருப்புங்கள். கண்ணாடிக்கு ஊட்டத் தொடங்கினால் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். ஆனால் தலையைப் பக்கவாட்டில் வேகமாக உதறி, தீனி சிதறி, தலை இறகெல்லாம் பிசுபிசுத்திருந்தால் அது வாந்தி. மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

பயமும் துணையும்

கத்திக்கொண்டிருந்த பறவை திடீரென மௌனமாகி, உடலை ஒடுக்கி நிமிர்ந்து நின்று, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தால், நீங்களும் வெளியே பாருங்கள். மீன் சந்தையடியிலும் துறைமுகக் கரையிலும் வட்டமிடும் செம்பருந்தோ, கூரையில் வந்தமர்ந்த காகமோ இருக்கும். விறாந்தையில் தொங்கும் கூட்டுக்கு மேற்புறமும் பின்புறமும் மறைப்பு இருந்தால் ஒளிய இடமுண்டு என்ற நிம்மதி அதற்குக் கிடைக்கும். கோயில் திருவிழா வாணவெடி இரவுகளில் கூட்டை உள்ளறைக்குக் கொண்டுவந்து சிறு விளக்கை எரியவிடுங்கள். இருட்டில் வெருண்டு கம்பியில் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

தனியே வளர்த்தால் ஏங்கிச் செத்துவிடும் என்ற பேச்சு மிகைப்படுத்தப்பட்டது. நாளில் சில மணிநேரம் கூட இருக்கக்கூடியவர் ஒன்றை வளர்க்கலாம். வேலைக்குப் போய் இரவில் திரும்புபவருக்கு இரண்டே தகும். இரண்டாவதை வாங்கினால் ஒரு மாதமளவு வேறு அறையில் தனிக் கூட்டில் வைத்து நோயில்லை என்று கண்ட பின், கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பிக்கு இருபுறமும் அருகருகே அமர்ந்து உறங்கத் தொடங்கினால் சேர்க்கலாம். கம்பியூடாகக் கால்விரலைக் கௌவ முயன்றால் இன்னும் காலம் வரவில்லை.

உறக்கமும் நோயும்

மாலை மங்கியதும் சொண்டின் மேலும் கீழும் உரசும் மெல்லிய ஒலி கேட்கும். இது உறக்கத்துக்கு முன்னான நிம்மதியின் ஒலி. ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கி, இறகை உப்பி, தலையைப் பின்னால் திருப்பிச் செருகிக்கொண்டால் எல்லாம் நலமே.

இதே உப்பிய தோற்றம் மற்றப் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் முற்பகலில், இரண்டு கால்களையும் ஊன்றியபடி, கண் அரைவாசி மூடி, மணிக்கணக்கில் நீடித்தால் அது நோய். இரையாகும் விலங்குகள் பலவற்றைப் போல லவ் பேர்ட்டும் பலவீனத்தை இயன்றவரை மறைக்கும். உங்கள் கண்ணுக்குப் படும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். தீனிக் கிண்ணத்தில் தலையைவிட்டுக் கொறிப்பதுபோல் நின்றால் உண்கிறது என்று நம்பிவிடாதீர்கள். புதிய உமி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உமியை அங்கேயே விட்டுவிட்டு உண்பதால், நிறைந்திருப்பதாகத் தோன்றும் கிண்ணம் வெறுமையாகவும் இருக்கலாம், ஊதிப் பார்த்தால் தெரியும். காலையில் இடும் முதலாவது எச்சம் இரவு முழுவதும் அடக்கியதால் பெரிதாக இருப்பது இயல்பு. முட்டையிடும் பெண்ணின் எச்சமும் பெரிதாகும். வெள்ளரி, பழம் உண்டால் நீர்த்தும், பீற்றூட் உண்டால் சிவந்தும் போகும். காரணமின்றி இம்மாற்றம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். எல்லாவற்றிலும் நம்பகமானது எடை. வாரமொருமுறை காலைத் தீனிக்கு முன் சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்து எழுதிவாருங்கள். 50 கிராம் பறவையில் 5 கிராம் குறைந்தால் உடலில் பத்திலொரு பங்கு போய்விட்டது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில உள. ஓய்வாக அமர்ந்திருக்கையிலும் ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுதல், கூட்டின் தரையில் இறங்கிக் குந்தியிருத்தல், பெண் பறவை வயிறு புடைத்து முக்கியும் முட்டை வெளிவராதிருத்தல் ஆகியவை அவை. சமையலறையில் நொன்ஸ்டிக் சட்டி அளவு மீறிச் சூடானபின் மூச்சுத்திணறினால், பறவையை அக்கணமே வெளிக்காற்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் பூச்சின் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொல்லும். சாம்பிராணியையும் நுளம்புத்திரியையும் கூடுள்ள அறையில் கொளுத்தாதீர்கள்.

நகரத்து மிருக வைத்தியரிடம், பறவைகளைப் பார்ப்பவரா என்பதைச் சுகமாக இருக்கும் காலத்திலேயே விசாரித்து வையுங்கள். தேவைப்பட்டால் அடுத்த இடம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை. பயணத்துக்குப் பெரிய கூடு வேண்டாம். காற்றுத் துளைகளுள்ள சிறிய பெட்டியின் அடியில் துணி விரித்து, ஒரு பக்க வெளிப்புறத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை வைத்து, மறுபக்கத்தைச் சாதாரணமாக விட்டால், பறவை தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தெரிவுசெய்யும். கடைசியாக எச்சம் விழுந்த கடதாசியையும், எடை எழுதிய கொப்பியையும், வீட்டில் அது மூச்சு வாங்கியபோது தொலைபேசியில் எடுத்த காணொளியையும் உடன் கொண்டுசெல்லுங்கள். புதிய இடத்தில் வைத்தியரின் முன்னால் அது மீண்டும் நலமானதுபோல் நிமிர்ந்து நிற்கும்.